நாளைய உயரத்துக்கு வாங்கிய சைக்கிள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில், திண்டிவனம் நேரு வீதியானாலும் விழுப்புரம் கடைத்தெருவானாலும், கடைக்காரர்கள் காதில் திரும்பத் திரும்ப விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே குடுங்க.” சீருடைக்கு அது நல்ல கணக்குதான். சட்டையின் தோள் கொஞ்சம் தொங்கினால் யாருக்கும் கேடில்லை; பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்து, அடுத்த ஆண்டு பிரித்துவிட்டுக்கொள்ளலாம். ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கும்போதும் இதே வாக்கியம் வருகிறது. அங்கேதான் கணக்கு பிசகுகிறது. உடுப்பு உடம்பின் மேல் கிடக்கிறது. சைக்கிளை உடம்பு ஆள வேண்டியிருக்கிறது. ஏற வேண்டும், திருப்ப வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் பொருந்தப்போகிற சைக்கிள், பொருந்தாத அந்த இரண்டு வருடமும் தினம் இரண்டு வேளை சாலையில் ஓடுகிறது.

முதலில் அளவைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சைக்கிள் கடையில் ‘இன்ச்’ என்ற சொல் இரண்டு வெவ்வேறு பொருளில் புழங்குகிறது. அப்பா, தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளை 22 இன்ச், 24 இன்ச் என்று சொன்னால் அது ஃபிரேமின் உயரம். சக்கரம் இரண்டுக்குமே 28 இன்ச்தான். இன்றைய தடித்த டயர் சைக்கிளை 24, 26 என்று சொன்னால் அது சக்கரத்தின் விட்டம். பிள்ளைக்குப் பொருந்துகிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஃபிரேம். கடையில் பேசப்படுவதோ சக்கரம். ஒரே 26 இன்ச் சக்கரத்தில் சிறிய ஃபிரேமும் உண்டு, பெரிய ஃபிரேமும் உண்டு. ஆகவே ‘எத்தனை இன்ச்’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் பல சமயம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே திரும்புகிறார்கள். பழைய 22 இன்ச் சைக்கிளில் குறுக்கே போகும் பார் தரையிலிருந்து 80 செ.மீக்கு மேல் நிற்கும். 150 செ.மீ உயரமுள்ள ஒரு பையனின் உட்கால் அளவு, அதாவது கவட்டிலிருந்து உள்ளங்கால் வரை, சுமார் 70 செ.மீ. அந்தப் பாருக்கு இருபுறமும் அவன் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வழியே இல்லை. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சைக்கிளை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் கால் நுனியில் தாங்கியாக வேண்டும். கேரியரில் புத்தகப் பையும் இருந்தால் இருபது கிலோவைத் தாண்டிவிடும் அந்தச் சாய்ந்த எடை, தன் பக்கமே அவனை இழுக்கும். கூட்டேரிப்பட்டிலோ விக்கிரவாண்டியிலோ சர்வீஸ் ரோட்டில் கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கி நிற்க வேண்டிய பையனுக்கு, நிற்பதே ஒரு வித்தையாகிவிடக் கூடாது.

நிற்பதைவிட நிறுத்துவது முக்கியம். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது பள்ளிப் பிள்ளையின் சாதாரண வேகம். நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல். ஹேண்டில் பார் எட்டாத தூரத்தில் இருந்தால் பிள்ளை முன்னால் குனிந்து, கைகளை விறைப்பாக நீட்டிப் பிடிக்கிறது. பிரேக் கம்பி பெரியவர்களின் விரலுக்கு அளவெடுத்ததாக இருந்தால், அதைப் பிடிக்க உள்ளங்கையைக் கைப்பிடியிலிருந்து நகர்த்தியாக வேண்டும். அதில் அரை நொடி போனால் 2 மீட்டர் போய்விட்டது. சந்திலிருந்து திரும்பும் ஆட்டோவுக்கும் பிள்ளைக்கும் நடுவே பெரும்பாலும் இருப்பது அந்த 2 மீட்டர்தான். அதோடு, விரல் நுனியால் இழுக்கப்படும் பிரேக்கில் பலம் இறங்காது. பிரேக் போடும்போது உடலின் எடை முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு உரியது. ஆனால் எட்டி எட்டி ஓட்டும் பிள்ளை, குப்புற விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கை மட்டுமே நம்பப் பழகுகிறது. எடை குறைந்துபோன பின் சக்கரம் சரளைக்கல்லில் வழுக்குகிறது. இதோடு வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்துப் பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீக்கும் அதிகமாகப் பெய்தது நினைவிருக்கும். அந்த அளவு வேண்டாம், ஒரு தூறல் போதும்: குரோமியப் பூச்சுள்ள இரும்பு ரிம்மில் ஈரம் பட்டால் பிரேக் கட்டையின் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். காய்ந்த சாலையில் சமாளித்த பொருத்தக்குறைவு, ஐப்பசியில் சமாளிக்க முடியாததாகிறது.

உடம்பின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். ‘வளர்ற புள்ள’ என்ற சொல்லில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவுதான் தலைகீழ். பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். உச்ச வளர்ச்சி ஆண்டில் 8, 9 செ.மீ கூடுவது இயல்பு. முதலில் கை கால்கள் நீள்கின்றன, உடல் பின்னால் வந்து சேருகிறது. இந்தக் காலத்தில் எலும்பு நீளும் வேகத்துக்கு அதில் சுண்ணாம்புச் சத்து படிவதில்லை. முன்கை எலும்பு முறிவுகள் பெண் பிள்ளைகளிடம் 11, 12 வயதிலும் ஆண் பிள்ளைகளிடம் 13, 14 வயதிலும் உச்சத்தைத் தொடுவதற்கு இதையே காரணமாக எலும்பியலார் காண்கிறார்கள். எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. அதுதான் எலும்பை நீள வைக்கிறது. சுற்றியுள்ள தசைநார்களைவிட அந்தத் தட்டு பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காக முடியும் ஒரு விழுதல், பதின்மூன்று வயதுக்காரருக்கு வளர்ச்சித் தட்டில் முறிவாகலாம். மோசமாக முறிந்தால் அந்தக் கை பின்னால் கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம். ஆக, பிள்ளை வளர்கிறது என்பதே, இந்த வயதில் விழக்கூடாது என்பதற்கான காரணம். நாமோ அதையே காரணமாகச் சொல்லி, எளிதில் விழவைக்கும் வண்டியை வாங்கித் தருகிறோம்.

வளரும் உடம்புக்குக் கருவியை எப்படிப் பொருத்துவது என்ற கேள்வியை மிகக் கண்டிப்பாக ஆராய்ந்த உலகம் ஒன்று உண்டு. நமக்கு வெகு தூரத்திலிருக்கும் பனிச்சறுக்கு அது. குல்மார்க்கிலோ ஆலியிலோ சறுக்குகிறவரின் காலணியைப் பலகையோடு பூட்டி வைக்கும் கருவிக்கு பைண்டிங் என்று பெயர். அதற்கு இரண்டு எதிரெதிர் வேலைகள்: ஓடும்போது விடாமல் பிடிக்க வேண்டும், விழும்போது காலை விட்டுவிட வேண்டும். பலகை ஒரு நெம்புகோல். ஒன்றரை மீட்டர் பலகையில் பாதத்துக்கு முன்னால் ஏறத்தாழ 75 செ.மீ நீண்டிருக்கும்; அதன் நுனி பனியில் சிக்கி, பத்து கிலோ எடைக்கு ஈடான விசை பக்கவாட்டில் தள்ளினாலே சுமார் 75 நியூட்டன் மீட்டர் முறுக்கு கீழ்க்கால் எலும்பில் இறங்கும். பூட்டு விடாவிட்டால் எலும்பு விட்டுக்கொடுக்கும். 1937இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கால் உடைந்து படுத்த யால்மார் வாம் என்ற நார்வேக்காரர், தானாக விடுபடும் பைண்டிங்கை உருவாக்கியதிலிருந்து அந்த ஆராய்ச்சி தொடங்குகிறது. இன்று அந்தப் பூட்டு எந்த விசையில் விட வேண்டும் என்பதற்குச் சர்வதேச அட்டவணை இருக்கிறது. சறுக்குகிறவரின் எடை, உயரம், வயது, காலணி அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் விதம் ஆகிய ஐந்தையும் கேட்டு, ஒரு எண்ணைச் சொல்லும். எல்லாமே இன்றைய அளவுகள். அடுத்த குளிர்காலத்தில் எவ்வளவு எடை இருப்பாய் என்று அந்த அட்டவணை கேட்பதில்லை.

அங்கேயும் பெற்றோர் இதே தவறைச் செய்யும் வயது இதே வயதுதான். நாற்பது கிலோவைச் சுற்றி எடையுள்ள பிள்ளைக்கு அந்த எண் பொதுவாக 2க்கும் 4க்கும் நடுவில் வரும். பெரியவர்களுக்கான பைண்டிங் சிலவற்றின் ஸ்பிரிங் 4இல்தான் தொடங்குகிறது. ‘அடுத்த வருடம் எடை கூடிவிடும்’ என்று அதை வாங்கினால், முழுக்கத் தளர்த்தி வைத்தாலும் அது அந்தப் பிள்ளையின் எலும்புக்கு இறுக்கமான பூட்டு. சிறுவர் காலணியின் அடிப்பாகமும் பெரியவர் காலணியைவிடக் குறுகியது, மெல்லியது. எல்லா பைண்டிங்கும் இரண்டையும் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் அனுபவமுள்ள கடைக்காரர்கள் சொல்வது: பிள்ளையின் இன்றைய எண் ஸ்பிரிங்கின் கீழ் விளிம்பில் ஒட்டிக்கொண்டிராமல் உள்ளே வந்திருக்க வேண்டும், மேலே வளர இடமிருக்க வேண்டும், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மறுபடி எடை பார்த்து எண்ணை மாற்ற வேண்டும். வளர்ச்சிக்கு இடம் விடுவது என்பது திருகாணியில் இருக்கிறது. பொருத்தமில்லாத பொருளை வாங்கிவிட்டு உடம்பு வந்து சேரட்டும் என்று காத்திருப்பதில் இல்லை. இந்த ஒரு பாடத்தை நம் சைக்கிளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வரலாற்றிலிருந்து வரும். ‘நாங்களெல்லாம் குரங்கு பெடல் போட்டுத்தானே கற்றோம்?’ பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பை வெளியே தொங்கவிட்டு, அரை வட்டமாய் மிதித்து ஓட்டிய தலைமுறைக்கு அது பெருமைக்குரிய நினைவு. அந்தப் பெயரில் 2024இல் ஒரு திரைப்படமே வந்தது. அந்தப் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் குரங்கு பெடல் என்பது பெரிய சைக்கிள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதற்குச் சான்றாகாது. பொருந்தாத சைக்கிளைப் பிள்ளை எவ்வளவு புத்திசாலித்தனமாகச் சமாளித்தது என்பதற்கே சான்று. வேறு வண்டி இல்லாத வீட்டில், ஆளரவமற்ற தெருவிலும் களத்துமேட்டிலும் நடந்த சமாளிப்பு அது. அன்றைய திண்டிவனம்–விழுப்புரம் சாலை நான்கு வழி நெடுஞ்சாலையும் அல்ல. புதுக்கோட்டையை நினைவூட்டுகிறவர்களும் உண்டு. 1991, 92இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் பாரில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். அது உண்மை, போற்றத்தக்க உண்மை. அவர்கள் வளர்ந்து முடிந்த பெண்கள். தம் வேலைக்கு எது வசதி என்று தாமே எடைபோட்டுத் தேர்ந்தவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்காக வேறொருவர் தேர்வதோடு அதை ஒப்பிட முடியாது.

இரண்டாவது மறுப்பு பணம். இதுதான் கனமானது, மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியது. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு சைக்கிள் பல வாரச் சம்பளம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்று என்று சொல்வது ஈரமில்லாத பேச்சு. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படி மாற்ற வேண்டியதே இல்லை. வேகமாக வளரும் ஆண்டில் உயரம் 8 செ.மீ கூடினாலும் அதில் காலின் பங்கு பாதியளவுதான். சீட் ஆண்டுக்கு 3, 4 செ.மீ ஏறினால் போதும். நல்ல சைக்கிளில் சீட் கம்பியை 10 செ.மீ வரை உயர்த்த இடமிருக்கும்; ஹேண்டிலையும் சற்று ஏற்றலாம். இன்று சீட்டைக் கீழ்ப்பாதியில் வைத்து ஓட்டக்கூடிய சைக்கிள், மூன்று ஆண்டு தாராளமாக ஓடும். அதற்கு மேல் ஓட வேண்டிய தேவை நம் மாநிலத்தில் பல வீடுகளுக்கு இல்லை என்பதைப் பெற்றோர் ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் 11ஆம் வகுப்பு சேர்ந்தால் விலையில்லா மிதிவண்டி வந்துவிடுகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னர் எல்லா மாணவர்களுக்கும் விரிந்த திட்டம் அது. முழு அளவு வண்டி, ஏறத்தாழ முழு உயரம் வந்த வயதில், இலவசமாகக் கைக்கு வருகிறது. அப்படியானால் ஏழாம் எட்டாம் வகுப்பில் சொந்தக் காசில் வாங்கும் சைக்கிள் கல்லூரி வரை தாங்க வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? அது பத்தாம் வகுப்பு வரை பொருந்தினால் அதன் கடமை முடிந்தது. பிறகு தம்பிக்கோ தங்கைக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகலாம். பழைய சைக்கிளில் ஃபிரேமும் ஃபோர்க்கும் நேராக இருந்து, பால்ரஸ் குண்டு, பிரேக் கட்டை, ஒயர் மூன்றையும் புதிதாக மாற்றினால், அது பெரிய புதுச் சைக்கிளைவிட அந்தப் பிள்ளைக்குப் பல மடங்கு நல்லது. ஒரு முரணையும் சொல்ல வேண்டும்: அக்காவுக்கு அரசு தந்த சைக்கிளை அவள் படிப்பு முடிந்ததும் ஆறாம் வகுப்புத் தம்பிக்கு அப்படியே கொடுப்பது இதே தவறின் செலவில்லாத வடிவம். லேடீஸ் ஃபிரேமில் பார் தாழ்ந்திருப்பதால் நிற்பது மட்டும் எளிதாகும். எட்டாத ஹேண்டிலும் எட்டாத பிரேக்கும் அங்கேயே இருக்கும்.

மூன்றாவது மறுப்பு: ‘பிள்ளைகளைக் கொல்வது சாலை; நீங்கள் சீட்டை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.’ பாதி சரி. உயிரைப் பறிக்கும் விபத்துகள் பெரும்பாலும் மோட்டார் வாகனம் மோதி நடப்பவை; அதற்குப் பதில் சர்வீஸ் ரோடு, வேகக் கட்டுப்பாடு, பள்ளிக்கு எதிரே பாதுகாப்பான கடவை ஆகியவைதான். எந்தச் சீட் உயரமும் லாரியை நிறுத்தாது. ஆனால் பிள்ளைகள் சைக்கிளில் காயப்பட்டு மருத்துவமனைக்கு வருவதில் பெரும்பகுதி, வேறு எந்த வண்டியும் மோதாமல் தாமாக விழுந்தவை என்று பல நாடுகளின் பதிவுகள் காட்டுகின்றன. அவற்றில் ஒன்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மெதுவாக விழும்போது ஹேண்டில் முனை வயிற்றில் குத்தினால், வெளியே ஒரு சிறு வட்டத் தடம் மட்டும் தெரியும். உள்ளே கல்லீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். ரப்பர் பிடி கழன்று வெறுங்குழாய் தெரியும் ஹேண்டில் இன்னும் கொடியது. வயிற்றில் ஹேண்டில் குத்திய பிள்ளை வலிக்கவில்லை என்று சொன்னாலும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் அன்றே காட்டிவிட வேண்டும். பனிச்சறுக்கிலும் இதே வகைப் பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1972 முதல் காயங்களை எண்ணி வந்த ஆய்வு, பைண்டிங் திருந்தத் திருந்தக் கீழ்க்கால் எலும்பு முறிவுகள் பெரிதும் குறைந்ததைக் கண்டது. முழங்கால் தசைநார்க் கிழிசல் அப்படிக் குறையவில்லை. கருவி எதற்காக அமைக்கப்பட்டதோ அதிலிருந்துதான் காக்கும். அதற்காக முறிவு குறைந்ததை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாலையைக் கேட்டுப் போராடுவதும் சைக்கிளை அளந்து வாங்குவதும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. பின்னதை இன்று மாலையே செய்துவிடலாம்.

செய்வது கடினமில்லை. பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆச்சரியப்பரிசாக வாங்கிவந்து நிறுத்தும் ஆசையை விட்டுவிட வேண்டும். போகுமுன் வீட்டில் சுவரோரம் வெறுங்காலோடு நிற்கவைத்து, கால்களுக்கிடையே ஒரு நோட்டுப் புத்தகத்தை மேலே நெருக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்புக்குச் சுவரில் கோடு போட்டு அளந்தால் உட்கால் அளவு கிடைக்கும். சைக்கிளின் பார் அதைவிட 3, 4 செ.மீ தாழ்ந்திருக்க வேண்டும். கீழே இருக்கும் பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உட்கால் அளவின் 109 விழுக்காடு என்பது பிரிட்டனில் ஹாம்லி, தாமஸ் ஆகிய இருவர் 1967இல் கண்ட சிறந்த மிதிப்பு உயரம்; 70 செ.மீ காலுக்கு 76 செ.மீ. ஆனால் அது பழகிய காலுக்கு. போக்குவரத்தில் ஓட்டும் சிறு பிள்ளைக்கு அதிலிருந்து 2, 3 செ.மீ இறக்கி, சீட்டில் இருந்தபடியே இரண்டு கால் நுனியும் தரையைத் தொடும்படி வைப்பது நல்லது. ரொம்பவும் இறக்கினால் முழங்கால் நெஞ்சுவரை மடங்கி, அதன் கீழ் முன்புறம் எலும்பு புடைத்து வலிக்கும் இந்த வயதுக்கே உரிய தொல்லையைக் கூட்டும். சிறிய சைக்கிளும் தவறுதான் என்பதால் சொல்கிறேன். பிறகு பிரேக். கைப்பிடியை விடாமல் இரண்டு விரல் பிரேக் கம்பியின் மேல் மடங்க வேண்டும். பல பிரேக்குகளில் கம்பியைக் கைக்கு அருகே கொண்டுவரும் சிறு திருகாணி இருக்கிறது. கேட்டால் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் திருகித் தருவார், கேட்காவிட்டால் அது வருடக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கும்.

இதே ஒரு நிமிடம் பள்ளி மைதானத்திலும் வேண்டும். 11ஆம் வகுப்புக்கு மிதிவண்டி வழங்கும் நாளில் வரிசையாக நிறுத்தப்பட்ட வண்டிகளின் சீட் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கும். வாங்கும் பிள்ளைகளோ 145 செ.மீயிலிருந்து 175 செ.மீ வரை இருப்பார்கள். அன்று மாலை அவர்கள் அதே உயரத்தில் வைத்து ஊர்வரை ஓட்டிப்போகாமல் இருக்க, உடற்கல்வி ஆசிரியர் கையில் 13, 14 நம்பர் ஸ்பேனர் ஒன்றும், சீட் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோட்டுக்கு மேல் அதை இழுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் போதும்.